ஒரே குடும்பம், ஐந்து பட்டியல்கள்: மத்திக்கும் மாகாணத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே தகவற் பகிர்வை நெறிப்படுத்துவது யார்?

கேள்வி: அபிவிருத்தி உத்தியோகத்தர், ஹற்றன்

வணக்கம். நுவரெலியா மாவட்டத்தின் ஒரு பிரதேச செயலகத்தில் பணியாற்றுகிறேன். மண்சரிவு அபாயமுள்ள தோட்டக் குடியிருப்புகள் பற்றிய தகவல்களை அலுவலகங்கள் தமக்குள் பகிர்ந்துகொள்வதற்கு எழுத்திலான ஒழுங்கு ஒன்றை வரையும் பொறுப்பு எங்கள் கிளையிடம் வந்திருக்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகம் பட்ட பாட்டுக்குப் பிறகு இதன் அவசரத்தை எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வரைவை எங்கிருந்து தொடங்குவது என்பதிலேயே எங்களுக்குள் உடன்பாடில்லை.

நிலைமையைச் சொல்கிறேன். அபாய வலயங்களை அடையாளம் காண்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அது மத்திய அரசைச் சேர்ந்தது. கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலாளரும் மாவட்டச் செயலாளரும் மத்திய அரசின் நிர்வாக வரிசையில் இருக்கிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர் சுகாதார வைத்திய அதிகாரியின் கீழும், அவர் வழியாக மாகாண சுகாதாரத் துறையின் கீழும் வருகிறார். பிரதேச சபை மாகாணத்தின் உள்ளூராட்சி ஆணையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியது. தோட்ட அலுவலகமோ அரசாங்கமே அல்ல, கம்பனி. இந்த ஐந்து இடங்களிலும் அதே மக்களைப் பற்றிய ஐந்து பட்டியல்கள் இருக்கின்றன.

ஓர் உதாரணம். ஒரு லயத்தின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) கடைசிக் காம்பராவில் (அறையில்) ஒரு விதவைத் தாயும், கொழுந்து எடுக்கும் அவருடைய மகளும், மகளின் குழந்தையும் இருக்கிறார்கள். கிராம உத்தியோகத்தரின் பதிவில் அந்த வீடு இறந்துபோன கணவரின் பெயரில் இருக்கிறது. தோட்டத்தில் மகளின் செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) இலக்கம் மட்டுமே உண்டு. தாய்க்கு அங்கே இடமில்லை. குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் குழந்தை இருக்கிறது, தாய்வழிப் பாட்டி இல்லை. நலன்புரிப் பட்டியலில் தாய் இருக்கிறார், ஆனால் விலாசம் என்ற இடத்தில் தோட்டத்தின் பெயர் மட்டும். அதே விலாசம் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கும் எழுதப்பட்டிருக்கிறது. அபாய வலயப் பட்டியலில் லயத்தின் இலக்கம் இருக்கிறது, ஆட்களின் பெயர் இல்லை. ஒவ்வொரு பட்டியலும் அதனதன் தேவைக்குச் சரியானதே. நள்ளிரவில் அந்த லயத்திலிருந்து எத்தனை பேரை இறக்க வேண்டும் என்று கேட்டால் எந்தப் பட்டியலும் விடை சொல்லாது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு சாரார் எல்லாவற்றையும் மாவட்டச் செயலகத்தில் ஒரே தரவுத்தளமாகச் சேர்த்துவிட வேண்டும் என்கிறார்கள். இன்னொரு சாரார் அது சட்டப்படி முடியாது என்கிறார்கள். மத்தி, மாகாணம், உள்ளூராட்சி என்று அடுக்கடுக்காக இருக்கும் நிர்வாகத்தில், ஒருவர் மற்றவருக்கு உத்தரவிட முடியாத நிலையில், பகிர்வை யார் நெறிப்படுத்துவது? சமஷ்டி (கூட்டாட்சி) நாடுகளில் இதை எவ்வாறு செய்கிறார்கள்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற நிர்வாக சேவை அலுவலர், பதுளை

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் கொஸ்லாந்தை மீரியபெத்தைதான் நினைவுக்கு வந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை அந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே அபாயம் இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியாத விடயம் அல்ல. 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. மக்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்ற பேச்சும் இருந்தது. தகவல் பல கைகளுக்குப் போய்த்தான் இருந்தது. அதைப் பெற்றுக்கொண்டவர் அடுத்து என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளில் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் யாருக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்பவை எங்கும் கட்டாயமாக எழுதப்பட்டிருக்கவில்லை. சரிவுக்குப் பின் வந்த முதல் நாட்களில் காணாமற்போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்று சொல்லப்பட்டது. பிறகு அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அந்த லயங்களில் அன்று யார் யார் இருந்தார்கள் என்பதைக் கையில் எடுத்துக்காட்டக்கூடிய ஒரு பட்டியல் இல்லாததே அந்தக் குழப்பத்துக்கு முக்கிய காரணம் என்பது என் கணிப்பு.

ஆகவே உங்கள் வரைவில் 'தகவல் பகிரப்படும்' என்ற வாக்கியத்தை எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு காப்பாளர் இருக்க வேண்டும். பதவிப் பெயரைக் குறிப்பிட்டு, இன்ன தகவல் இன்னாரிடமே இருக்கும், அதைத் திருத்தும் அதிகாரம் அவருக்கு மட்டுமே உண்டு, மற்றவர்கள் பார்க்கலாம், பயன்படுத்தலாம், பிழை கண்டால் அவருக்கு அறிவிக்கலாம் என்று எழுதுங்கள். ஒரு குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதற்குக் கிராம உத்தியோகத்தர் காப்பாளர். அபாய வலயத்துக்குக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம். சுகாதார விபரத்துக்குச் சுகாதார வைத்திய அதிகாரி. இவர்களுள் எவரும் தம் பதிவேட்டை மற்றவரிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை.

பெறுபவரின் கடமையையும் அதே பந்தியிலேயே எழுதிவிடுங்கள். எச்சரிக்கை அறிவித்தல் கிடைத்தவர் கிடைத்ததாகப் பதில் அனுப்ப வேண்டும்; எடுத்த நடவடிக்கையைக் குறித்த நேரத்துக்குள் எழுத வேண்டும். எங்கள் காலத்தில் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) தபால் பதிவேடு வைத்திருந்தது இதற்காகத்தான்: வந்த கடிதம் எந்த மேசையில் கிடக்கிறது என்று ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்று வாட்ஸ்அப் குழுவில் வரும் அறிவித்தலுக்கு அப்படியொரு பக்கம் இல்லை. நாற்பது பேர் பார்த்ததற்கு நீலக் குறி இருக்கும், பொறுப்பேற்றவர் எவரும் இருக்கமாட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் நெடுங்காலம் ஐந்து பிரதேச செயலகங்களே இருந்தன. பிறகு அவை பிரிக்கப்பட்டன. பிரிவுகளின் எல்லை மாறும்போது பழைய பட்டியல்களில் உள்ள குறியீடுகள் பயனற்றுப்போகும். தோட்டம், டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு), லயம், காம்பரா என்ற நான்கையும் வைத்து நிலையான இடக் குறியீடு ஒன்றை உருவாக்குங்கள். செயலகம் மாறினாலும் லயம் மாறாது.

பிரதேச சபையிடம் தோட்டங்களைப் பற்றிய பழைய பதிவுகள் குறைவாக இருப்பதைக் கண்டு அவர்கள்மீது குறைப்பட வேண்டாம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது; 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள் வேலை செய்யவே இடமில்லாத இடத்தைப் பற்றி அவர்கள் கோப்பு வைத்திருக்க நியாயமில்லை.

பதில் 2: சட்டமும் தரவு நிர்வாகமும், கண்டி

மேலே ஐயா சொன்ன காப்பாளர் முறையையே நானும் ஆதரிக்கிறேன். அதற்கான சட்டப் பின்புலத்தையும் பிற நாடுகளின் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில், இலங்கை ஒற்றையாட்சி நாடு. அரசியலமைப்பின் 2 ஆம் உறுப்புரை அப்படியே சொல்கிறது. ஆனால் 1987 இன் 13 ஆவது திருத்தமும் அதன் ஒன்பதாம் அட்டவணையும் விடயங்களை மத்திக்கு ஒதுக்கப்பட்டவை, மாகாணத்துக்கு உரியவை, இருவருக்கும் பொதுவானவை எனப் பிரித்தபின், நாளாந்த நிர்வாகத்தில் சமஷ்டி நாடுகள் சந்திக்கும் அதே சிக்கலை நாமும் சந்திக்கிறோம். உத்தரவால் நடக்காததை உடன்படிக்கையால் நடத்த வேண்டியிருக்கிறது. அவுஸ்திரேலியாவில் மத்திய அரசும் மாநிலங்களும் 2021 ஜூலையில் அரசுகளுக்கிடையிலான தரவுப் பகிர்வு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. பாதுகாப்பாகவும் சட்டத்துக்கு உட்பட்டும் செய்ய முடியுமானால் பகிர்வதே வழக்கமாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2022 இல் மத்திய அரசின் தரவுகளுக்கெனத் தனிச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தின்படி எந்த வேலைக்கு, யார், எந்தச் சூழலில், எவ்வளவு தரவை, என்ன வெளியீட்டுக்காகப் பயன்படுத்துகிறார்கள் என்ற ஐந்தையும் ஒவ்வொரு பகிர்வுக்கும் தனித்தனியே எழுத்தில் காட்ட வேண்டும். அதில் இரண்டு எல்லைகள் நமக்கு மிகவும் பயன்படும். அந்தச் சட்டத்தின் கீழ் பகிரப்படும் தரவைச் சட்ட அமுலாக்கத்துக்கோ தேசிய பாதுகாப்புக்கோ பயன்படுத்த முடியாது. தனியார் கம்பனிகள் அந்த ஏற்பாட்டின் கீழ் தரவைப் பெறும் பயனராகப் பதிவாகவும் முடியாது.

ஜேர்மனியின் வரலாறு இதைவிட ஆழமானது. 1983 டிசம்பர் 15 அன்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் குடிசன மதிப்பீடு பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. கணக்கெடுப்பில் திரட்டிய விபரத்தைக் கொண்டு உள்ளூராட்சிச் சபைகள் தம் வதிவுப் பதிவேடுகளைத் திருத்திக்கொள்ளலாம் என்று சட்டம் அனுமதித்திருந்தது; அந்த ஏற்பாட்டை நீதிமன்றம் இரத்துச் செய்தது. ஒரு தேவைக்கென்று மக்கள் கொடுத்த தகவலை அவர்களுக்குத் தெரியாமல் வேறொரு தேவைக்குத் திருப்பக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அரசாங்கம் ஒன்றே ஆயினும் அதன் ஒவ்வொரு கிளையும் தனக்குரிய தகவலை மட்டுமே அறிய வேண்டும் என்ற சிந்தனை அங்கே அதிலிருந்து வளர்ந்தது. உங்கள் அலுவலகத்தில் ஒரே தரவுத்தளம் கேட்பவர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

எஸ்தோனியா சமஷ்டி நாடு அல்ல, மிகச் சிறியதும்கூட. ஆயினும் 2001 முதல் அங்கே இயங்கும் எக்ஸ்-ரோட் முறையின் அமைப்பு நம் தேவைக்குப் பொருந்துகிறது. தரவு அந்தந்த நிறுவனத்திடமே இருக்கும். தேவைப்படும்போது கேட்டுப் பெறப்படும். கேட்டது, கொடுத்தது, நேரம் எல்லாம் அழிக்கமுடியாத வகையில் பதிவாகும். தன் தகவலை எந்த அலுவலகம் எடுத்துப் பார்த்தது என்பதைக் குடிமகன் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி நம் சட்டங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரச அலுவலகங்களுக்கும் பொருந்தும். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் தள்ளிவைக்கப்பட்டன என்பது உண்மை; அதற்காக இன்று அதற்கு மாறாக ஓர் ஒழுங்கை எழுதிவிட்டு நாளை கிழித்தெறிய வேண்டாம். குறித்த நோக்கத்துக்கு மட்டும், தேவையான அளவுக்கு மட்டும், தேவையான காலத்துக்கு மட்டும் என்ற மூன்றும் அதன் முதுகெலும்பு. சுகாதார விபரமும் பிள்ளைகளைப் பற்றிய விபரமும் விசேட வகைத் தரவுகள். எனவே குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டை முழுதாக யாரும் கேட்கக்கூடாது. 'இந்தக் காம்பராவில் நடக்க உதவி தேவைப்படுபவர் ஒருவர் உண்டு' என்ற ஒரு வரி மீட்புப் பணிக்குப் போதும். கர்ப்பமா, பக்கவாதமா என்ற விபரம் அவருடைய பதிவேட்டிலேயே இருக்கட்டும்.

எல்லாவற்றையும் பூட்டிவைக்கவும் வேண்டாம். மழைவீழ்ச்சி யாருடைய அந்தரங்கமும் அல்ல. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினால் அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தால் வெளியேற்றம் என்பது கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டல். தோட்டங்கள் தலைமுறை தலைமுறையாக மழைமானியைப் பார்த்துக் குறித்து வருகின்றன. அந்தக் கணக்கு தோட்ட அலுவலகத்தின் பதிவேட்டிலேயே அடங்கிக் கிடக்க வேண்டிய நியாயம் எதுவுமில்லை. அபாய வலய வரைபடமும் அவ்வாறே: பகிரங்கமாக ஒட்டப்பட வேண்டியது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தான் சொல்வது மற்றச் சட்டங்களுக்கு மேலாகச் செல்லும் என்று 4 ஆம் பிரிவில் கூறுகிறது. தாபனக் கோவையை (அரச உத்தியோகத்தர்களுக்கான விதித்தொகுப்பை) காட்டி மறுக்கும் பழக்கத்துக்கு அதுவே பதில். அதே சட்டத்தின் 5 ஆம் பிரிவு தனிப்பட்ட தகவலுக்கு விலக்கும் அளிக்கிறது. ஆகவே உங்கள் வரைவில் தகவல்களை முதலில் வகைப்படுத்துங்கள்: எவருக்கும் காட்டத்தக்கது, அலுவலகங்களுக்குள் மட்டும் காட்டத்தக்கது, ஆம் அல்லது இல்லை என்ற விடையாக மட்டும் கொடுக்கத்தக்கது. இந்த வகைப்படுத்தல் முடிந்தால் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

பதில் 3: தோட்ட சுகாதாரப் பணியாளர், பொகவந்தலாவை

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. தோட்டத்துக்கு உள்ளேயிருந்து பார்க்கும்போது தெரியும் ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும்.

1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்ட பின்னரும், லயமும் பாதையும் தண்ணீரும் பெருமளவுக்குத் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்து வருகின்றன. வேலை கொடுப்பவரும் வீட்டைக் கையில் வைத்திருப்பவரும் ஒருவரே என்னும்போது, அவரிடம் போய்ச் சேரும் ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு பயன் உண்டு. ஒரு காம்பராவில் வேலைக்குப் போகாதவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், கொழும்புக்குப் போன மகன் எப்போது வந்து தங்குகிறார், யார் புதிதாகக் கூரை நீட்டிக் குசினி கட்டியிருக்கிறார் என்பதெல்லாம் வெளியேற்றத் திட்டத்துக்குத் தேவையான விபரங்கள். அதே விபரங்கள் வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கும் பயன்படலாம் என்று ஆட்கள் அஞ்சுகிறார்கள். ஆகவேதான் கணக்கெடுக்க வருபவர்களிடம் 'நாங்க மூணு பேர்தாங்க' என்று சொல்லிவிட்டு ஐந்து பேர் படுத்துறங்குகிறார்கள். அந்த அச்சத்தைக் குற்றமாகக் கருதக்கூடாது. அது நீங்கினால்தான் எண்ணிக்கை சரியாகும்.

ஒரு தோட்டத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அனர்த்தக் காலத்தில் தயாரித்த எக்செல் கோப்பு ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், கடைசிக் கட்டத்தில் 'குறிப்பு'. அந்தக் குறிப்பில் ஒரு பெண்ணுக்கு எதிரே அவருடைய நோயின் பெயர் எழுதப்பட்டிருந்தது. மழை நின்று, மக்கள் கோயில் மண்டபத்திலிருந்து லயத்துக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கோப்பு கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதன் பிறகு கிளினிக்குக்கு வருவதை நிறுத்திவிட்டார். கோப்பைத் தயாரித்தவர் நல்லெண்ணத்தோடுதான் தயாரித்தார். யாருக்கு அனுப்பலாம், எப்போது அழிக்க வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

எனவே தோட்ட நிர்வாகத்தை இந்த ஒழுங்கில் தகவல் கொடுப்பவராகச் சேருங்கள்: மழைக் கணக்கு, லய வரைபடம், பாதையின் நிலை, லொறி, தொடர்புக்கு ஓர் ஆள். பெறுபவராகச் சேர்க்கும்போது மட்டும் மிகக் கவனமாக இருங்கள். வெளியேற்ற வேண்டிய நேரத்தில் எந்த லயம், எத்தனை பேர், தூக்கிச் செல்ல வேண்டியவர் எத்தனை பேர் என்பது அவர்களுக்குப் போதும். பெயர்ப் பட்டியல் அவர்களுக்கு வேண்டியதில்லை. விபரம் கேட்டுப் போகிறவர் 'இது எதற்காக, யார் பார்ப்பார்கள்' என்று தமிழில் எழுதிய ஒரு தாளை வீட்டிலேயே விட்டுவிட்டு வரட்டும். தாளைப் படிக்க இயலாதவருக்குப் பிள்ளை படித்துக் காட்டும்.

கேட்டவரின் பதில்: அபிவிருத்தி உத்தியோகத்தர், ஹற்றன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்து எங்கள் கிளைக் கூட்டத்தில் வைத்தோம். ஒரே தரவுத்தளம் என்ற யோசனையைக் கைவிடுவதென்று பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு தகவலுக்கும் பதவிப் பெயரோடு காப்பாளர், மூன்று வகைப்படுத்தல், லயத்தையும் காம்பராவையும் அடிப்படையாகக் கொண்ட இடக் குறியீடு, அபாய அறிவித்தல் நீக்கப்பட்ட பின் பெயர் விபரக் கோப்புகளை அழித்து அதை எழுத்தில் உறுதிசெய்தல் ஆகியவற்றை வரைவில் சேர்த்திருக்கிறோம். குறிப்பு என்ற கட்டத்தை நீக்கிவிட்டு, 'உதவி தேவை: ஆம் / இல்லை' என்று மாற்றியிருக்கிறோம்.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சி நிற்கிறது. கிராம உத்தியோகத்தரின் பட்டியலுக்கும் சுகாதாரப் பகுதியின் எண்ணிக்கைக்கும் முரண்பாடு வந்து, இருவரும் தம்முடையதே சரி என்று நின்றால், யார் தீர்ப்பது? ஒருவர் மத்தி, மற்றவர் மாகாணம்.

பதில் 4: ஓய்வுபெற்ற நிர்வாக சேவை அலுவலர், பதுளை

அதைத் தீர்ப்பதற்கு மேலிடம் தேடிப் போகாதீர்கள். போனால் சுற்றறிக்கை வருவதற்குள் அடுத்த பருவமழை வந்துவிடும். இரு காப்பாளர்களும் சேர்ந்து ஒரே நாளில் அந்த லயத்துக்குப் போய், தலைவாசலில் நின்று எண்ணி, இருவரும் ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும் என்று வரைவில் எழுதுங்கள். அதுவரை, வெளியேற்றத் திட்டத்துக்கு இரண்டு எண்ணிக்கைகளில் பெரியதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பஸ் ஒன்று கூடுதலாக வந்து நின்றால் அதற்குக் கணக்கு எழுதிக்கொள்ளலாம்.

ஒழுங்கை யார் கூட்டி நடத்துவது என்ற உங்கள் முதற் கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் வரும் மாவட்ட அலகு உங்கள் மாவட்டச் செயலகத்தில் இருக்கிறது. அழைப்பவர் மாவட்டச் செயலாளராக இருக்கட்டும்; ஆனால் உடன்படிக்கையில் மாகாணப் பிரதம செயலாளரின் கையெழுத்தும் வேண்டும், இல்லையேல் சுகாதாரப் பகுதியும் பிரதேச சபையும் அதைத் தமக்கு வந்த இன்னொரு வேண்டுகோளாகவே கருதும். மாகாணத்தோடு பேசும்போது வரைவின் தமிழ், சிங்களப் பிரதிகள் இரண்டையும் ஒரே நாளில் கொண்டுபோங்கள். கையெழுத்தான பின் முதல் வேலையாக, நீங்கள் உதாரணம் காட்டிய அந்தக் கடைசிக் காம்பரா உள்ள லயத்திலிருந்தே எண்ணத் தொடங்குங்கள்.